விருந்தினர் வினவியவை

சொந்த வீட்டுச் சுவரின் விரிசல் அவ்வீட்டில் பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திண்ணையில் வந்தமர்ந்த விருந்தினர் ஏறிட்டுப் பார்த்து, "இஃது எப்போது ஏற்பட்டது?" என்று வினவும்போதுதான் நாமும் தலை நிமிர்ந்து பார்க்கிறோம். கீழைக் குவாரிஸமில் 973ஆம் ஆண்டில் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டார் வாழ்வையும் கணக்கையும் சமயத்தையும் ஆராய்ந்து எழுதிய கிதாபுல் ஹிந்த் என்னும் நூலை இன்றளவும் நாம் போற்றுவது எதற்காக? இங்கேயே இருந்தவர்கள் கேட்க மறந்த கேள்விகளை, வெளியிலிருந்து வந்த அவர் கேட்டார் என்பதற்காகவே.

அத்தகைய பெரியாருடன் ஒப்பிடத்தக்கவர் அல்லர் நம் இல்லத்துக்கு வந்த விருந்தினர். இருபத்தேழு வயது இளைஞர், அமெரிக்கர். ஆயினும் அவர் கேட்ட நான்கு கேள்விகள் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் நம்மை விட்டு அகலவில்லை. கேள்விகள் எதைப் பற்றியவை என்று கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். கிரிக்கெட் என்னும் மட்டைப்பந்தாட்டத்தைப் பற்றியவை!

1999ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி அது. நோன்புப் பெருநாள் முடிந்து மதுரஸா திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. தம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் பயின்றிருந்த அவ்விளைஞர், தக்கலையில் அடங்கியுள்ள மெய்ஞ்ஞானி பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப் பாடல்களைப் படிக்கவும், அரபுத் தமிழில் எழுதப்பெற்ற ஏடுகளைக் காணவும் விரும்பி, நண்பர் ஒருவரின் கடிதத்துடன் நம்மிடம் வந்தார். எட்டு நாட்கள் நம் வீட்டில் தங்கினார். நூல் தமிழ் பேசுவார். நம் ஊர்ப் பேச்சு அவருக்கு விளங்காது. "என்னவாக்கும் விசேஷம்?" என்று எவரேனும் கேட்டால் நம் முகத்தைப் பார்ப்பார்.

வந்த மறுநாள் அவரைப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக்காரர் டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து, பெருந்தளபதியாக உயர்ந்து, 1777இல் மறைந்து, அக்கோட்டைக்குள்ளேயே அடக்கமாகி இருக்கிறார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எதிரியாக வந்தவரை நம்பித் தன் படையையே ஒப்படைத்த மண் இது என்று விருந்தினரிடம் பெருமையுடன் கூறினோம். அப்பெருமைப் பேச்சு அந்த வாரம் முடிவதற்குள்ளாகவே நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்கும் என்று அப்போது நாம் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை. மதுரஸாவுக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்து உணவருந்திய பின், வீட்டுக்குப் பின்புறமுள்ள தென்னந்தோப்பில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கும்பப்பூ நெல் கதிர் முற்றி வரும் காலமாதலால் வயலில் ஆட வழியில்லை. அறுப்பு முடிந்த பின்னரே வயல் அவர்களுக்குச் சொந்தம். தென்னை மட்டையைச் செதுக்கி எடுத்ததே அவர்கள் மட்டை. ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் படிந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றியது பந்து. ஓலைக்கீற்றின் ஈர்க்குகள் மூன்று நட்டால் அதுவே விக்கெட். விருந்தினர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒரு நாழிகை நேரம் வாய் பேசாது பார்த்தார். பிறகு நம்மிடம் திரும்பினார்.

"அந்தச் சிறுவன் பந்தை அடித்துவிட்டான். ஆயினும் ஓடாமல் நிற்கிறானே! ஏன்?"

இதுவே முதற்கேள்வி.

அவர் நாட்டு ஆட்டம் பேஸ்பால். அதில் எல்லைக்கோட்டுக்குள் விழும்படி பந்தை அடித்தவன் ஓடியே ஆக வேண்டும். நிற்பதற்கு உரிமை இல்லை. நமக்கோ கிரிக்கெட்டைப் பற்றி அன்று ஏதும் தெரியாது. மஃரிபு தொழுகைக்குப் பிள்ளைகளைப் பிந்தச் செய்யும் வீண் வேலை என்பதே நம் முடிவாக இருந்தது. நம் மூத்த சகோதரியின் மகன், பதினான்கு வயதுப் பையன், பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைக் கத்தரித்துப் பெட்டியில் சேர்த்து வைப்பவன். அவனை அழைத்தோம். விருந்தினருக்கு அவன் ஆசிரியனானான். இருவருக்குமிடையே நாம் மொழிபெயர்ப்பாளரானோம்.

"ஓடுவதும் ஓடாததும் அடிச்சவனுக்க இஷ்டம் மாமா. ஆபத்துன்னு தோணினா நிக்கலாம். நாள் முழுக்க நிக்கலாம்" என்றான்.

"நாள் முழுவதுமா?"

"அஞ்சு நாள் ஆடுவாங்க. அஞ்சு நாள் ஆடியும் ஜெயிச்சது யாருன்னு இல்லாமலே முடியும்."

விருந்தினர் நம்மைப் பார்த்தார், நாம் தவறாக மொழிபெயர்த்துவிட்டோம் என்ற ஐயத்துடன். பையன் உள்ளே ஓடித் தன் பெட்டியைக் கொண்டுவந்தான். 1939ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நாள் வரையறையே இன்றி முடிவு காணும்வரை ஆடுவது என்று தொடங்கிய ஆட்டத்தின் கதை அதில் இருந்தது. மார்ச் 3இல் தொடங்கியது, மார்ச் 14 வரை நீண்டது. இங்கிலாந்து அணி வெற்றிக்கு 696 ஓட்டங்கள் எடுக்க வேண்டும். 5 விக்கெட்டுகளை இழந்து 654 எடுத்திருந்த நிலையில், ஊர் திரும்பும் கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். இதைக் கேட்டு விருந்தினர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நாமும் சிரித்தோம். முடிவு தெரிந்தாக வேண்டும் என்று தொடங்கிய ஆட்டமும் முடிவின்றி முடிந்தது!

சென்னைச் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாள் ஆடி, ஓட்டக் கணக்கு ஒன்றுக்கொன்று சரியாக நின்று முடிந்ததையும் பையன் சொன்னான். அது 'டை', முடிவு காணாமல் கலைவது 'டிரா', இரண்டும் வேறு. விருந்தினர் தம் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து வந்தது எல்.பி.டபிள்யூ. பந்து காலில் பட்டது, பையன்கள் கூச்சலிட்டார்கள், ஒருவன் வெளியேறினான். ஏன் என்று அவர் கேட்க, பையன் விளக்க, மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நமக்கே சுவை தட்டத் தொடங்கிற்று. ஏனெனில் அவன் கூறியது பிக்ஹு பாடம் போலவே இருந்தது. பந்து முறையாக வீசப்பட்டிருக்க வேண்டும். இது முதல் ஷர்த்து. தரையில் படுமானால் விக்கெட்டுக்கு நேராகவோ ஆஃப் பக்கத்திலோ பட்டிருக்க வேண்டும். லெக் பக்கம் பட்டுத் திரும்பினால் தீர்ப்பு இல்லை. மட்டையில் முதலில் பட்டிருக்கக் கூடாது. உடலில் படும் இடம் விக்கெட்டுக்கு நேராக இருக்க வேண்டும். ஆனால் அடிக்கும் எண்ணமே இன்றிக் காலை நீட்டியவனுக்கு ஆஃப் பக்கத்தில் இச்சலுகை இல்லை. இறுதியாக, கால் குறுக்கிடாவிட்டால் பந்து விக்கெட்டைத் தாக்கியே இருக்கும் என்று நடுவர் உறுதி கொள்ள வேண்டும். நிய்யத்து இங்கும் கவனிக்கப்படுகிறதே என்று வியந்தோம். ஒரு நொடியில் இத்தனையும் பார்ப்பதற்கு அந்த நடுவர் ஓர் அவதானியாக அல்லவா இருக்க வேண்டும்! 1907இல் சென்னையில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்திற்கொண்டு சதாவதானம் நிகழ்த்திய இடலாக்குடிச் செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் நடுவராக நின்றிருந்தால் ஐயத்துக்கே இடமிருந்திராது என்று கூறினோம்.

விருந்தினர் விடவில்லை. "சிறுவர்கள் ஏன் அவ்வாறு கூச்சலிட்டார்கள்?"

"கேட்டாத்தான் அம்பயர் அவுட் கொடுப்பாரு. கேக்காம கொடுக்க மாட்டாரு. அதுதான் சட்டம்."

அவர் திகைத்தார். ஆட்டக்காரன் முறைப்படி வெளியேற வேண்டியவன்தான் என்பது நடுவருக்குத் தெரிகிறது. எதிரணி கேட்கவில்லை. ஆகவே அவர் வாய் திறவாமல் நிற்கிறார். இது நியாயமா? அமெரிக்கருக்கு இரண்டாம் கேள்வி இது. நமக்கோ இதில் வியப்பு ஏதும் இல்லை. வாதி வந்து வழக்குரைக்காமல் காழி தாமே தீர்ப்பு வழங்கப் புறப்படுவதில்லை என்று விளக்கினோம். தம் குறிப்பேட்டில் இதையும் எழுதினார்.

அன்று மாலை, அடுப்படிப் பக்கம் சாத்தி வைத்திருந்த ஒரு மட்டைத் துண்டு அவர் கண்ணில் பட்டது. செதுக்கிய பிடியின் பாதி. மற்றப் பாதி கரிந்திருந்தது. இது என்ன என்று பையனிடம் கேட்டார். பையன் நம்மைப் பார்த்து, பின் தரையைப் பார்த்து, "மாமா அடுப்புல வச்சாச்சு" என்றான்.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு நாள் மஃரிபு பாங்கு சொல்லி ஜமாஅத்தும் முடிந்த பிறகு தோப்பிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். நம்மிடம் ஓதிய ஒரு பையனின் கையில் மட்டை இருந்தது. பத்து வயதிருக்கும். தகப்பனில்லாத பிள்ளை. மட்டையைப் பிடுங்கினோம். திருப்பித் தரும் எண்ணம்தான் முதலில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சினம் மேலிட்டு அடுப்பில் செருகிவிட்டோம். அன்றிரவுச் சோற்றுக்கு அதுவும் விறகாயிற்று. மறுநாள் முதல் அப்பிள்ளை ஓத வரவில்லை. அவனைத் தேடி நாமும் போகவில்லை. வந்தால் வரட்டும் என்று இருந்துவிட்டோம்.

பையன் கூறியவற்றைப் பொறுமையாகக் கேட்ட விருந்தினர், தம் நூல் தமிழில், சொல் சொல்லாக நிறுத்தி நம்மிடம் கேட்டார்: "பிறர் பொருளை அழித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று நேற்று ஒரு பாடத்தில் சொன்னீர்கள் அல்லவா?"

"சொன்னோம்."

"அந்தச் சிறுவன் ஈடு கேட்டானா?"

"இல்லை. சிறு பிள்ளை."

"ஓ! முறையீடு எழவில்லை. ஆகவே நடுவர் தீர்ப்புச் சொல்லவில்லை."

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தாம் கற்ற பாடம் சரிதானா என்று சோதித்துப் பார்த்தார். அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது. மூன்றாம் கேள்வி இது. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதைக் காண அனுமதித்ததையும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்கிறோம். தொழுகைக்குப் பிந்தியதற்குக் கண்டிப்பு வேண்டியதே. ஆனால் கண்டிப்பு வேறு, பிள்ளையின் பொருளை எரிப்பது வேறு. ஷர்த்துகளையெல்லாம் விரல் மடக்கி எண்ணும் நாம் அதை எண்ணாமல் விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜனவரி 31. சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டத்தின் நான்காம் நாள். இரு நாடுகளும் இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட்டம் ஆடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்டம் நடக்கவே கூடாதென்று சிலர் எதிர்த்தார்கள். அம்மாதத் தொடக்கத்தில் தில்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். விருந்தினர் ஆட்டத்தைக் காண விரும்பினார். நம் வீட்டில் அன்று தொலைக்காட்சி கிடையாது. கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடையில் இருந்தது. பையனையும் அழைத்துக்கொண்டு மூவரும் சென்றோம். கடை நிறைந்திருந்தது. அமெரிக்கர் என்றதும் முன்வரிசையில் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அவர் அருகில் நாம்.

இந்தியா வெற்றிபெற 271 ஓட்டங்கள் வேண்டும். 82 ஓட்டங்களுக்கு 5 பேர் வெளியேறியிருந்தார்கள். சச்சின் டெண்டுல்கர் நின்றார்; விக்கெட் காப்பாளர் மோங்கியா துணை நின்றார். இருவரும் சேர்ந்து 136 ஓட்டங்கள் சேர்த்தார்கள். டெண்டுல்கருக்கு முதுகில் வலி. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் முகம் சுளித்தார். பத்து நாட்களுக்கு முன் இதையெல்லாம் வீண் என்று கூறிய நாம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் நுனியில் அமர்ந்திருந்தோம். நிற்பதும் ஓடுவதும் அடிப்பவன் விருப்பம் என்ற அந்த விதியின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஆபத்தை ஏற்பதா, பொறுப்பதா என்று ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மனிதன் தனக்குள் முடிவெடுப்பதைப் பார்ப்பதே இந்த ஆட்டம். விருந்தினரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

254இல், 136 ஓட்டங்கள் எடுத்திருந்த டெண்டுல்கர், சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தை உயர அடித்து, வசீம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். இன்னும் 17 ஓட்டங்களே வேண்டும். கடையில் பேச்சு மூச்சில்லை. அடுத்த 4 ஓட்டங்களுக்குள் மீதிப் பேரும் வெளியேறினார்கள். 258க்கு எல்லாம் முடிந்தது. 12 ஓட்டத் தோல்வி. நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டது நமக்கு.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அறிமுகமானவர்தாம், நாள்தோறும் வழியில் கண்டால் நலம் விசாரிப்பவர். நம் தோளில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன பாய், இப்போ சந்தோசந்தானே?"

பதில் வரவில்லை நமக்கு. அரபியும் தமிழும் முப்பது வயதுக்குள் எவ்வளவோ கற்றிருந்தோம். அந்த ஒரு வரிக்கு விடையாக ஒரு சொல் இல்லை. "வருத்தந்தான்" என்று சொன்னால் நாம் நடிப்பதாக அவர் எண்ணுவார். சினந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். பேசாதிருந்தாலும் அதே பொருள். ஆடுகளத்திலேயே இல்லாத ஒருவரைக் குறித்து எழுந்த முறையீடு அது. மருமகன் நம் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். டெண்டுல்கரின் படங்களைப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்த அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. ஆட்டம் போனதற்கா, இந்தக் கேள்விக்கா என்று நாம் கேட்கவில்லை.

அதே நேரத்தில் திரையில் ஒரு காட்சி. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நிற்கிறார்கள். வரிசை வரிசையாக, அத்தனை பேரும் எழுந்து, தங்கள் அணியைத் தோற்கடித்தவர்களுக்குக் கைதட்டுகிறார்கள். 1997 மே மாதத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் 194 ஓட்டங்கள் குவித்தபோது அவரைப் பாராட்டியதும் இதே சேப்பாக்கத்து மக்கள்தாம். கடையிலும் முதலில் ஒருவர் தட்டினார். பிறகு நாலைந்து பேர். கடைக்கார அண்ணாச்சி கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆட்டம்னா இதாக்கும்" என்றார். கேள்வி கேட்டவர் சிறிது நேரம் திரையைப் பார்த்தார். தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வழியில் கண்டபோது வழக்கம்போல் நலம் விசாரித்தார். நாமும் வழக்கம்போல் விடை கூறினோம். அவர் கெட்ட மனிதர் அல்லர். அதுவே நமக்கு வருத்தத்தை மிகுவித்தது.

வீடு திரும்பும் வழியில் விருந்தினர் நான்காம் கேள்வியைக் கேட்டார். "அவர் உங்களிடம் என்ன சொன்னார்?"

எல்.பி.டபிள்யூவை மொழிபெயர்த்த நமக்கு இதை மொழிபெயர்ப்பது கடினமாக இருந்தது. ஒருவாறு கூறினோம். சற்றுத் தூரம் நடந்தபின் அவர் சொன்னார்: "அந்தக் கடையில் அயல்நாட்டான் நான் ஒருவனே. நீங்கள் எந்த அணி என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை."

டிலனாயின் கல்லறை முன் நாம் பேசிய பெருமைப் பேச்சு நினைவுக்கு வந்தது. நடந்துகொண்டே இருந்தோம்.

மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஓர் அஞ்சல் பொதி வந்தது. உள்ளே ஓர் ஆங்கில நூல். எழுதியவர் மைக் மார்க்குசி. நியூயார்க்கில் 1953இல் பிறந்து, 1971இல் படிப்பதற்காக இங்கிலாந்து சென்று, அங்கேயே வாழ்ந்து, 2015இல் மறைந்தவர். அமெரிக்கராயிருந்தும் கிரிக்கெட் மீது காதல் கொண்டவர். இங்கிலாந்தின் கிரிக்கெட்டை ஆராய்ந்து 1994இல் ஒரு நூல் எழுதினார். பொதியில் வந்தது, 1996 உலகக் கோப்பையின்போது இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளில் சுற்றி அவர் எழுதிய பயண நூல். துப்பாக்கிச் சூடு நீங்கலான போர் என்று பொருள்படும் அதன் தலைப்பு, எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் விளையாட்டைப் பற்றிக் கூறியதிலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஆங்கிலம் சிறிது. மருமகன் அகராதியுடன் அமர்ந்து மாலைதோறும் படித்துச் சொன்னான்.

நம் தேநீர்க்கடைக் கேள்வி நம் கடைத்தெருவில் பிறந்ததன்று என்பதை அவ்வாறு அறிந்தோம். 1990இல் பிரிட்டனின் அரசியல்வாதி நார்மன் டெபிட், அங்குக் குடியேறிய ஆசியர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் பற்றை அளக்கலாம் என்றார். 'கிரிக்கெட் சோதனை' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. அங்கே அச்சோதனை இந்தியருக்கும் பாகிஸ்தானியருக்கும் ஒருங்கே வைக்கப்பட்டது; இங்கே நமக்கு வைக்கப்பட்டது. மார்க்குசி அச்சோதனையைக் கடுமையாக எதிர்த்தவர். அவரும் தம் சொந்த நாட்டுக்கு வெளியே நின்று ஒரு விளையாட்டை நேசித்தவர் அல்லவா? பிற்பாடு 1999இல் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ அவர்களைப் பற்றியும் நூல் எழுதினார். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்த அலீயிடமும் நாட்டுப்பற்று எங்கே என்றுதானே கேட்டார்கள்!

இன்னொரு செய்தியும் பின்னாளில் தெரிய வந்தது. அதை அறிந்தபோது நம் விருந்தினர் நம்மினும் வியப்படைந்தார். கிரிக்கெட் அமெரிக்கருக்கு அயலான ஆட்டமே அன்று. உலகில் இரு நாடுகளுக்கிடையே நடந்த முதல் கிரிக்கெட் ஆட்டம் 1844 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்தது. அமெரிக்காவும் கனடாவும் ஆடின. கனடா 23 ஓட்டங்களில் வென்றது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மெல்போர்னில் ஆடிய முதல் டெஸ்ட் 1877இல்தான். பிலடெல்பியாவைச் சேர்ந்த பார்ட் கிங் 1908இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டு அங்குப் பந்துவீச்சுச் சராசரியில் முதலிடமே பெற்றார். உள்நாட்டுப் போர்க்காலம் முதல் பேஸ்பால் பரவி, கிரிக்கெட் மெல்ல மறைந்தது. தன் பாட்டனார் ஆடிய ஆட்டத்தை அயலார் ஆட்டமென்று பேரன் வேடிக்கை பார்த்தான். உரியவன் யார், அயலான் யார் என்று காலம் எவ்வாறெல்லாம் மாற்றி எழுதிவிடுகிறது!

2024இல் உலகக் கோப்பை இருபது ஓவர் ஆட்டங்கள் அமெரிக்க மண்ணிலும் நடந்தன. ஜூன் 6 அன்று டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் அருகே, அமெரிக்க அணி பாகிஸ்தானைத் தோற்கடித்தது. இரு அணியும் 159 எடுத்துச் சமமாக நின்றதால் ஒரு ஓவர் கூடுதலாக ஆடினார்கள். அமெரிக்கா 18, பாகிஸ்தான் 13. அணித் தலைவர் மோனாங்க் பட்டேல் குஜராத்தில் பிறந்தவர். வேகப் பந்துவீச்சாளர் அலி கான் பாகிஸ்தானில் பிறந்தவர். அக்கடைசி ஓவரை வீசிய சவுரப் நேத்ரவால்கர் மும்பையில் பிறந்து, 2010இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடியவர். பின்னர் அமெரிக்கா சென்று கணினிப் பொறியாளரானவர்.

ஆறு நாள் கழித்து, ஜூன் 12 அன்று, நியூயார்க்கில் அமெரிக்காவும் இந்தியாவும் மோதின. நேத்ரவால்கர் விராட் கோலியை முதற்பந்திலேயே வெளியேற்றினார். ரோஹித் சர்மாவை 3 ஓட்டங்களில் வெளியேற்றினார். இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது என்பது வேறு செய்தி. பிறந்த நாட்டின் இரு பெரும் ஆட்டக்காரர்களை வீழ்த்திய அவரிடம், "சந்தோசந்தானே?" என்று நம்மவர் எவரும் புருவம் நெரித்துக் கேட்கவில்லை. மும்பைப் பிள்ளை, படித்த பிள்ளை, பகலில் அலுவலகம் சென்று மாலையில் பந்து வீசும் பிள்ளை என்று நாடே கொண்டாடியது. நாமும் கொண்டாடினோம். அவ்வாறு கொண்டாட முடிகிற பரந்த உள்ளம் நம் மக்களிடம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் எழுந்து நின்றதும் அந்த உள்ளந்தான். இல்லாத ஒன்றை நாம் கேட்கவில்லை. இருப்பதை நம் தெருவிலும் காண விரும்புகிறோம். நம்மவர்களுக்கும் ஒரு சொல்: எந்த ஆட்டக்காரனையும் அவன் பெயரைக் கொண்டு விரும்பவோ வெறுக்கவோ நம் பிள்ளைகளைப் பழக்கக் கூடாது. ஐயத்துக்கு விடை ஐயம் அன்று.

அந்த ஆட்டம் முடிந்த இரவில் விருந்தினரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவரும் இன்று ஐம்பதைக் கடந்தவர். "இப்போது எனக்கும் ஓர் அணி இருக்கிறது. ஆனால் இன்று இரண்டு பக்கமும் கைதட்டினேன். உங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் என்னை என்ன கேட்பார்கள்?" என்று எழுதியிருந்தார். "முன்வரிசையில் இடம் கொடுப்பார்கள்" என்று விடை எழுதினோம்.

மூன்றாம் கேள்வியைக் கூறாமல் முடிப்பது முறையன்று. விருந்தினர் விடைபெற்றுச் சென்ற அன்று மாலையே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் கதவருகில் நின்றார். அவன் முற்றத்தில் இருந்தான். புதிதாக ஒரு மட்டை செதுக்கிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் அதைப் பின்னால் மறைத்தான். மறைத்த அந்தக் கையைக் கண்டபோது நாம் பட்ட வெட்கத்தை எழுத்தில் வடிக்க இயலாது. உன் மட்டையை எரித்தது தவறு, ஈடு என்ன வேண்டுமோ கேள் என்றோம். அவன் தாயார், "அஸ்ரத், பிள்ளைகிட்ட போயி இப்படி..." என்று பதறினார். அவன் மட்டும் யோசித்தான்.

"அந்த மட்டைய வச்சு சோறு பொங்கினியளா?"

"ஆம்."

"அப்போ அஸ்ரத்துக்க வீட்டுச் சோத்துல எனக்கும் பங்கு உண்டும்லா?"

அன்றிரவு அவன் நம் வீட்டில் உண்டான். மறுநாள் ஓத வந்தான். இன்று வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒரு வேளை நம் வீட்டில் உண்டுவிட்டே செல்வான், உரிமைப்பட்டவன் போல.

தோப்பில் பிள்ளைகள் இன்றும் ஆடுகிறார்கள். அஸர் தொழுதுவிட்டு அங்கே சென்று அமர்வது நம் வழக்கமாகிவிட்டது. மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, "அஸ்ரத், கடைசி ஓவர்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கடைசி ஓவரை முழுதும் பார்த்துவிட்டே எழுகிறோம்.